இரவு 10 மணிக்கு நிற்க வேண்டிய இணையம் நிற்கவில்லை, அவசரம்

மாடிப்படி (இரவு 11.12)
விடுதி சர்வரில் இரவு 10 முதல் காலை 5 வரை மாணவர்களுக்கு இணையத்தை நிறுத்தத் தீச்சுவரில் (ஃபயர்வால்: போக்குவரத்தை விதிப்படி விடுவது, தடுப்பது) நேரவிதி போட்டிருக்கிறேன். வேலை செய்யவில்லை. காலைக்குள் சரிசெய்தாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கம்பிச்சுருள் (11.16)
எந்தத் தீச்சுவர்? லினக்ஸின் ஐபிடேபிள்ஸா, என்எஃப்டேபிள்ஸா? போட்ட விதி எங்கே? நிற்கவே இல்லையா, நேரம் தவறி நிற்கிறதா? ஊகித்துச் சொல்ல நாங்கள் ஜோசியர்கள் அல்லர்.

பட்டறைவாசி (11.19)
மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். என் பட்டறைக்கு வரும் ‘நேரக் கோளாறு’ எல்லாம் பெரும்பாலும் இதுதான். கடையில் வாங்கி மாற்றுங்கள், சரியாகிவிடும்.

மாடிப்படி (11.31)
டேட் கட்டளை 11.31 என்று சரியாகவே காட்டுகிறது. ஐபிடேபிள்ஸ்தான். விதி (விடுதி முகவரிகளிலிருந்து வருவதை இந்த நேரத்துக்குள் தடு என்று பொருள்):
-ஏ ஃபார்வர்ட் -எஸ் 192.168.10.0/24 -எம் டைம் --டைம்ஸ்டார்ட் 22:00 --டைம்ஸ்டாப் 05:00 -ஜே டிராப்
10 மணிக்கு மறுபடியும் ஏற்றினேன். பையன்கள் இன்னும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழுத்தஇலை (11.38)
தம்பி, இதற்கான விடை கட்டளையோடு வரும் கையேட்டில், மேன் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் இங்கே வருவது இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது. அப்புறம், ‘தீச்சுவர்’ என்று எழுதாதீர்கள். அது என்ன எரிகிற சுவரா? கட்டடத்தில் தீ பரவாமல் தடுக்க எழுப்பும் சுவரின் பெயரைத்தான் கணினிக்கு எடுத்தார்கள். ‘தீயரண்’ என்பதே பொருத்தம்.

கம்பிச்சுருள் (11.41)
கொசுவலை என்ன கொசுவால் பின்னியதா, ஐயா?

பழுத்தஇலை (11.44)
கொசுவலை என்பதும் பிழையான சொல்தான். வலை என்பது பிடிப்பதற்கு.

ஈரோட்டுநூல் (11.46)
விதியில் நேரம் பார்க்கும் டைம் மாட்யூலே வேண்டாம் என்பேன். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் இரண்டு வரி போதும்: 10 மணிக்கு விதியைச் சேர், 5 மணிக்கு நீக்கு.

கம்பிச்சுருள் (11.50)
9.55க்கு மின்சாரம் போய் 10.05க்கு சர்வர் எழுந்தால்? க்ரான் 10 மணியைத் தவறவிட்டிருக்கும். அன்றிரவு முழுக்கத் திறந்த வீடுதான்.
மாடிப்படி, இரண்டு கேள்வி. காலையில் ஏதாவது தொல்லை உண்டா? ஐபிடேபிள்ஸ் -எல் -வி -என் (விதிகளைக் கணக்கோடு பட்டியலிடும்) அடித்து அந்த வரியைப் போடுங்கள்.

மாடிப்படி (11.58)
காலையில் விடுதி அலுவலகத்தில் இணையம் வருவதில்லை. 10.30 வாக்கில் தானாக வந்துவிடும். அது வேறு பிரச்சினை, கேபிளாக இருக்கும் என்று நினைத்து இங்கே சொல்லவில்லை. வரி இதுதான்:
0 0 டிராப் ஆல் -- * * 192.168.10.0/24 0.0.0.0/0 டைம் ஃப்ரம் 22:00:00 டு 05:00:00 யூடிசி

கம்பிச்சுருள் (12.04)
வேறு பிரச்சினை இல்லை, இதேதான். வரியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். டைம் மாட்யூல் நீங்கள் கொடுக்கும் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்றே எடுத்துக்கொள்ளும். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. 22:00 என்றால் நமக்கு அதிகாலை 3.30, 05:00 என்றால் காலை 10.30. அலுவலகத்தில் இணையம் திரும்பும் நேரம் அதுதான். முதல் எண்ணும் 0. ஒரு பொட்டலம்கூட (டேட்டா துண்டு) இந்த விதியில் சிக்கவில்லை. டேட் -யூ அடித்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பார்க்கும் மணி தெரியும்.
16:30 முதல் 23:30 வரை என்று மாற்றுங்கள்.

மாடிப்படி (12.09)
--கெர்னல்டிஇசட் (யூடிசிக்குப் பதில் கெர்னலின் நேர மண்டலத்தை எடுக்கச் சொல்வது) சேர்த்தால் 22:00 என்றே எழுதலாம் என்று எங்கோ படித்தேன். வெள்ளி, சனி இரவு விதி வேண்டாம் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

கம்பிச்சுருள் (12.17)
எழுதலாம். ஆனால் அப்போது நேரம் நள்ளிரவைத் தாண்டுகிறது. ஞாயிறு முதல் வியாழன் வரை என்று கிழமை கொடுத்தால், வியாழன் இரவு 12 அடித்ததும் வெள்ளி ஆகிவிடும், விதி விட்டுவிடும். ஞாயிறு அதிகாலையோ, சனி இரவின் மிச்சமாக இருந்தும் அடைபடும். அதைச் சரிக்கட்ட, நள்ளிரவைத் தாண்டினாலும் ஒரே தொடர் நேரமாகக் கொள்ளும் --கண்டிகுவஸ் தேவை. யூடிசியில் எழுதினால் 16:30–23:30 முழுவதும் ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகிறது, கிழமைகளை அப்படியே கொடுக்கலாம். நம் ஐந்தரை மணிக்கு இப்படியும் ஒரு பயன்.
இன்னொன்று: எஸ்டாப்ளிஷ்டு (ஏற்கெனவே தொடங்கிவிட்ட) இணைப்புகளை அனுமதிக்கும் விதி மேலே இருக்கிறதா? இருந்தால் உங்கள் விதியை அதற்கும் மேலே வையுங்கள். அப்படி வைக்காவிட்டால் 9.59க்குத் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம் முடியும்வரை ஓடும்.

ஈரோட்டுநூல் (12.25)
அரசு நாளைக்குக் கடிகாரத்தை மாற்றினால்? இலங்கையில் 2006 ஏப்ரலில் அரை மணி பின்னுக்கு வைத்தார்கள். யூடிசியில் எழுதியவர்கள் ஒவ்வொரு விதியாகத் திருத்த வேண்டும். க்ரானுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கம்பிச்சுருள் (12.28)
கடிகாரத்தை அரசு எப்போதோ ஒருமுறை மாற்றும். மின்சாரம் வாரா வாரம் போகிறது.

பழுத்தஇலை (12.33)
யூடிசி என்பது மேன் பக்கத்தில் இருக்கிறது என்று நான் 11.38க்கே சொல்லிவிட்டேன்.

கம்பிச்சுருள் (12.35)
மேன் பக்கம் என்றீர்கள். யூடிசி என்று சொல்லவில்லை.

பழுத்தஇலை (12.41)
படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். கொசுவலைக்கு இன்னும் பதில் வரவில்லை.

மாடிப்படி (மறுநாள் இரவு 10.06)
சரியாக 10 மணிக்கு நின்றது. கதவைத் தட்டுகிறார்கள். நன்றி.

கம்பிச்சுருள் (10.15)
மகிழ்ச்சி. விதியை எஸ்டாப்ளிஷ்டுக்கு மேலேதானே வைத்தீர்கள்? கிழமை எப்படிக் கொடுத்தீர்கள்? பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும், முழு வரியையும் போடுங்கள்.

பட்டறைவாசி (மூன்று நாள் கழித்து)
எதற்கும் அந்தப் பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.