‘ம்’ கொட்டியதை வெட்டியவன்: பாட்காஸ்ட் செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

கருப்பட்டி

என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன், நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள். எந்த மைக் வாங்கலாம், எந்தச் செயலி நல்லது என்ற பேச்சு இங்கே வேண்டாம். ஒலிப்பதிவு செய்யப் போன இடத்தில் மனிதர்களிடம் என்ன பாடுபட்டீர்கள், என்ன கற்றீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

தென்மாவட்டத்துப் பழைய தொழில்களைப் பற்றி மாதம் ஒரு பகுதி வெளியிடுகிறேன். சென்ற கோடையில் உடன்குடிப் பக்கம் ஓர் ஆச்சியைப் பார்க்கப் போனேன். நண்பனின் பாட்டி, 80 வயதை நெருங்குகிறார். கல்யாணமாகி வந்த நாள் முதல் பதநீர் காய்ச்சியவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதில் தொடங்கினார். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்குவது, பதம் வந்ததா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு வாய் ஊறியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பேட்டி எடுப்பவர் இடையில் ஒலி எழுப்பக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் ஆச்சி நிறுத்திவிட்டார். “என்ன தம்பி, கேட்கிறாயா, எழுந்து போய்விட்டாயா?”

“தலையாட்டிக்கொண்டுதானே இருக்கிறேன் ஆச்சி.”

அவருக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்ததோ மற்ற கண் பக்கம்.

அதன்பிறகு கொள்ளுப்பேத்தியைக் கூப்பிட்டு மடியருகே உட்கார வைத்துக்கொண்டார். ஏழு வயதுச் சிறுமி. கதை கேட்டுப் பழகிய பிள்ளை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரியான இடத்தில் ஒரு ‘ம்’. ஆச்சி ஒரு மணி நேரம் நிற்காமல் பேசினார். நான் வைத்திருந்தது ஒரே மைக். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால் ஆச்சியின் குரலைவிட இந்த ‘ம்’தான் துருத்திக்கொண்டு தெரிந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து 214 ‘ம்’களை வெட்டி எடுத்தேன். எண்ணிக்கை சரியானதுதான், அப்போது அதில் எனக்குப் பெருமையே இருந்தது.

வெளியிட்டு ஒரு வாரம் கழித்து நண்பன் தன் கைப்பேசியில் ஆச்சிக்குப் போட்டுக் காட்டினானாம். ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறார். அதற்குள் யாரோ விருந்தாளி வந்துவிட்டார்கள். எழுந்து போகும்போது ஒன்றுதான் கேட்டாராம்: “பிள்ளையை எங்கே?”

அன்றிலிருந்து அந்தப் பகுதியை என்னால் கேட்க முடியவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பேசுகிற குரல் போல இருக்கிறது.

ஏழரை அங்குலம்

நான் பாட்காஸ்ட் தலைமுறை இல்லை. 1980களில் திருச்சி வானொலியில் தற்காலிகப் பணியில் இருந்தவன். இப்போது பேத்திக்கு எடிட்டிங் சொல்லிக் கொடுக்கிறேன் என்ற பெயரில் அவளைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் காலத்தில் வெட்டுவது என்றால் நிஜமாகவே பிளேடால் வெட்டுவது. கால் அங்குல அகல நாடா, நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். (ஏழரை என்றதும் சனி நினைவுக்கு வந்தால் தவறில்லை, நாங்களும் அதைச் சொல்லித்தான் சிரிப்போம்.) மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டுவோம், நேராக வெட்டினால் ஒட்டிய இடம் ‘டிக்’ என்று கேட்கும். வெட்டிய துண்டுகளைக் கழுத்தில் மாலை போல் தொங்கவிட்டுக்கொள்வோம், திரும்பத் தேவைப்படலாமே! ஒருவரின் ‘ம்’ இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வராது. 214 ‘ம்’களை வெட்டியிருந்தால் கருப்பட்டிக்காரரின் கழுத்து நிறைந்திருக்கும். கை வலித்திருந்தால் இருபதோடு நிறுத்தியிருப்பார். இன்று வெட்டுவது இவ்வளவு எளிதாக இருப்பதுதான் கெடுதல் என்று நினைக்கிறேன். கிழவன் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

கிணற்றுக் குரல் என்றீர்களே, அதற்குப் பாதிக் காரணம் வேறு. ‘ம்’மை எடுத்த இடத்தில் வெறும் பூஜ்யத்தை வைத்திருப்பீர்கள். எந்த இடத்துக்கும் தனக்கென்று ஒரு மௌனம் உண்டு. பனந்தோப்பில் ஓலை உரசும், அடுப்பு முனகும், தூரத்தில் யாராவது பாத்திரம் தேய்ப்பார்கள். பேசி முடித்த பிறகு எல்லோரையும் அரை நிமிடம் சும்மா இருக்கச் சொல்லி அந்த இடத்தைப் பதிவு செய்துகொள்வது எங்களுக்குப் பழக்கம். வெட்டிய பள்ளத்தை அந்த மண்ணைக் கொண்டே நிரப்ப வேண்டும். அந்த அரை நிமிடத்தில் கிராமத்து ஆட்கள் படும் பாடு தனிக் கதை. சும்மா இருங்கள் என்றால்தான் எல்லோருக்கும் இருமல் வரும்.

மறுபாதிக் காரணம் அந்தப் பிள்ளைதான். பண்ணை நிகழ்ச்சிகளில் விஷயம் தெரிந்தவர் ஒருவர், தெரியாமல் கேட்பவர் ஒருவர் என்று உரையாடலாக அமைப்பது சும்மா இல்லை. 1960களில் தஞ்சை விவசாயிகள் ஏடிடீ 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரு விதையை ஊருக்குள் கொண்டுபோகும் அளவுக்கு அந்தப் பேச்சை நம்பியிருக்கிறார்கள். வானொலிப் பெட்டிக்குள் தங்களைப் போல ஒருவன் உட்கார்ந்து சந்தேகம் கேட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

பனிக்கோட்டு

டொரண்டோவிலிருந்து எழுதுகிறேன். என் பாட்காஸ்டில் ஒரே விருந்தினர்தான்: யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மம்மா.

இங்கே நான் பேசுவது உடுப்பு அலமாரிக்குள் நின்றுகொண்டு. குளிர்கோட்டுகளைப் போல எதிரொலியை உறிஞ்சுவது வேறொன்றுமில்லை. பிரச்சினை இணையத்தில்தான். என் ‘ம்’ அங்கே போய்ச் சேர ஒரு நொடி பிந்துகிறது. அவர் அடுத்த வசனத்தைத் தொடங்கிய பிறகு அது போய் விழும். அவர் நான் ஏதோ குறுக்கே சொல்ல வருகிறேன் என்று நிறுத்துவார். நான் ஏன் நிறுத்தினார் என்று காத்திருப்பேன். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறப்போம்: நான் “சொல்லுங்கோ” என்பேன், அவர் “சொல்லு பிள்ளை” என்பார். முதல் மூன்று பகுதிகளில் பாதி இதுதான்.

பிறகு மச்சாளைப் பிடித்தேன். அவள் அங்கே கைப்பேசியை அம்மம்மாவின் பக்கத்தில் வைத்துத் தனியாகப் பதிவு செய்து அனுப்புவாள். நான் இங்கே என் குரலைத் தனியாகப் பதிவு செய்வேன். இரண்டையும் பொருத்துவதற்காகத் தொடக்கத்தில் ஒரு கைதட்டல். முதல் நாள் தட்டியபோது அம்மம்மா, “இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, அதற்குள் யாருக்குப் பிள்ளை கை தட்டுகிறாய்?” என்றார். அந்த வரிதான் இப்போது ஒவ்வொரு பகுதியின் முகப்பு.

ஒரு முறை அவருடைய குரலை அவருக்கே போட்டுக் காட்டினோம். நம் குரலை நாம் கேட்கும்போது மண்டை எலும்பின் வழியாகவும் அது காதுக்கு வருகிறது. பதிவில் அந்த வழி இல்லாததால் யாருக்கும் தன் குரல் மெலிந்து அந்நியமாகத்தான் தோன்றும். இதை விளக்கலாம் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் கேட்டுவிட்டு, “இது நான் இல்லை, என் அம்மா” என்றார். திரும்பவும் போடச் சொன்னார். அவருடைய தாயின் குரல் எந்த நாடாவிலும் இல்லை. நான் என் எலும்பு விளக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஏழாம் பகுதியோடு நின்றவன்

எல்லோரும் ஆச்சி, அம்மம்மா என்று உருக வைக்கிறீர்கள். தோற்றவன் ஒருவனும் பேச வேண்டும் அல்லவா?

சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி ஒரு தொடர் தொடங்கினேன். முழுவதையும் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். எழுத்தில் அழகாக இருந்தது. மைக்கில் கேட்டால் மாலைச் செய்தி. ‘சென்றுகொண்டிருந்தனர்’ என்று எந்தத் தாத்தாவும் பேரனிடம் கதை சொன்னதில்லை. சரி, பேச்சு நடையில் எழுதி வாசிக்கலாம் என்று மாற்றினேன். அது இன்னும் கொடுமை, பள்ளி நாடகத்தில் விவசாயி வேடம் போட்ட பையன் போல் இருந்தது. நாம் பேசும் தமிழை நாமே தாளில் பார்த்துப் படித்தால் அது பொய்யாகிவிடுகிறது. கடைசியில் ஐந்து சொற்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, எதிரே தம்பியை உட்கார வைத்துப் பேசினேன். அது கொஞ்சம் தேறியது. ஆனால் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது.

போதாததற்கு ‘ப’. ‘பல்லவர்’, ‘பாசனம்’, ‘பெரிய மதகு’ என்று ஒவ்வொரு ‘ப’வுக்கும் மைக்கில் காற்று வெடித்தது. கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிப் பேசினால் தீர்ந்துவிடும் என்பது ஆறாம் பகுதியில்தான் தெரிந்தது.

மொத்தம் கேட்டவர்கள் 23 பேர். மூவர் என் வீட்டார். ஒருவர் மட்டும் கடிதம் எழுதினார்: “ஐயா, பல நாள் தூக்கமில்லாமல் அவதிப்பட்டேன். உங்கள் மூன்றாம் பகுதி போட்டால் மதகு திறக்கும் இடம் வருவதற்குள் உறங்கிவிடுகிறேன். நன்றி.” இரண்டு நாள் கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால் அவரைத் தவிர வேறு யாருக்கும் நான் அவ்வளவு பயன்பட்டதில்லை.

பின்னலாடை

நான் திருப்பூர். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் அக்காவைப் பேச வைத்தேன். இரவுப் பணி முடித்து, பீஸ் கணக்கு முடித்து வந்து உட்கார்ந்தார். தன் அண்ணனைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். நான் இதுவரை பதிவு செய்ததில் அதைவிடக் கூர்மையான வாக்கியம் கிடையாது. முன்னோட்டத்துக்கும் அதையே எடுத்து வைத்தேன்.

வெளியிட வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு 11 மணிக்கு அழைத்தார். “தம்பி, அண்ணனைப் பற்றிச் சொன்ன அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுகிறாயா? தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.”

எடுத்துவிட்டேன் என்று சொல்லி நல்லவனாகிவிடலாம். உண்மையில் நான் இருபது நிமிடம் வாதாடினேன். பெயரை மாற்றுகிறேன், குரலை மாற்றுகிறேன், யாருக்கும் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். அவர் எதற்கும் மறுத்துப் பேசவில்லை. “சரி தம்பி, சரி தம்பி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் ‘சரி’ சம்மதம் இல்லை என்பது எனக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆனது. எடுத்துவிட்டேன். பகுதி சப்பென்றுதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ‘போட்டுக்கொள்’ என்று சொல்லும்போது அவர்களுக்கு என்ன சொல்லப்போகிறோம் என்பதே தெரியாது. சொல்லி முடித்த பிறகு ஒரு முறை கேட்க வேண்டும். கருப்பட்டி, நீங்கள் ஆச்சியிடம் இரண்டாம் முறை கேட்டீர்களா?

கருப்பட்டி

கேட்கவில்லை. நேற்று வரை.

உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டு அன்றிரவே மூலப்பதிவைத் திறந்து, ஒரு ‘ம்’மையும் தொடாமல் முழுவதும் கேட்டேன். 40 நிமிடம் வரை சிறுமியின் ‘ம்’ சீராக வருகிறது. பிறகு இடைவெளி கூடுகிறது. ஒரு வாக்கியம் விட்டு ஒன்று, பிறகு நான்கு விட்டு ஒன்று. 52ஆம் நிமிடத்தில் ஒரு இழுத்த ‘ம்’. அதோடு சரி. அதற்குப் பிறகுதான் ஆச்சி குரலைத் தாழ்த்துகிறார். தாத்தா பனையிலிருந்து விழுந்த காலையைச் சொல்கிறார். ஆட்கள் தோப்புக்கு ஓடிவிட்டார்கள், அடுப்பில் இருந்ததை இறக்கத் துணைக்கு ஆளில்லை, கருகிவிடக் கூடாதே என்று கிண்டிக்கொண்டே அழுதேன் என்கிறார்.

‘ம்’களை எல்லாம் வெட்டிய பிறகு அந்த இடத்தில் குரல் ஏன் தணிகிறது என்று எனக்கே புரியாமல் போயிருந்தது. பதிவில் ஏதோ குறை என்று நினைத்து, ஒலி அளவைக் கூட்டி மற்ற இடங்களோடு சமப்படுத்தியிருந்தேன். பிள்ளை காதில் விழக் கூடாது என்று ஆச்சி தணித்துச் சொன்னதை நான் உரக்கச் சொல்ல வைத்திருக்கிறேன்.

நேற்று உடன்குடி போனேன். சிறுமி பள்ளிக்கூடம் போயிருந்தாள். இந்த முறை நல்ல கண் பக்கம் உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிவிட்டு மூலப்பதிவைப் போட்டேன். ‘ம்’ வரும்போதெல்லாம் ஆச்சி சிரித்தார். ஆமணக்கு முத்துக் கதை வந்தபோது, இதை இன்னும் சரியாகச் சொல்லியிருக்கலாம் என்று தன்னைத் தானே குறை சொல்லிக்கொண்டார். 52ஆம் நிமிடம் வந்தது. கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார்.

“தூங்கிவிட்டாள்” என்றார்.

பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “இதற்குப் பிறகு சொன்னது உனக்குச் சொன்னது” என்றார்.

பழைய பகுதியை எடுத்துவிட்டேன். இதுவரை கேட்ட 300 பேரிடமிருந்து அதைத் திரும்ப வாங்க எனக்கு வழியில்லை. புதியது அந்த இழுத்த ‘ம்’மில் முடிகிறது, அதன்பின் ஓலைச் சத்தம் கொஞ்சம். மீதி ஒன்பது நிமிடத்தை ஒரு பென்டிரைவில் போட்டு நண்பனிடம் கொடுத்திருக்கிறேன். பிள்ளை பெரியவளானதும் கேட்கலாமா என்று ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.