பழைய பெட்டியும் குடும்பப் படங்களும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நாகலூர்க்காரன்

தாத்தா பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள்தான் இங்கே நிறையப் பேர். அதனால் பூஞ்சை, பாச்சை உருண்டைக் கதையெல்லாம் விட்டுவிடுகிறேன். 2021 மே மாதம் கொரோனாவில் அப்பா போனார். அடக்கத்துக்கு வீட்டாட்கள் சிலர்தான் நின்றோம். எனக்கு அப்போது வேலையும் இல்லை. ஏற்காடு வீட்டை விற்றுவிடலாம் என்று அக்காவும் நானும் முடிவு செய்து, சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம்.

வீடு காலியாகிறது என்று கேள்விப்பட்டு எஸ்டேட் கூலிக்காரர்கள் இருக்கும் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். தாத்தா அந்தக் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுகிறவர். "ரைட்டரய்யா பேரனுங்களா? கிறிஸ்மஸ் படம் ஒண்ணு சுவத்துல இருந்துச்சே, இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருந்தது. கண்ணாடியோடு ஒட்டிப்போன குரூப் போட்டோ. தாத்தா நாற்காலியில், சுற்றிலும் கேக் வாங்க வந்த பிள்ளைகள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் குழந்தையைத் தொட்டு, "இது எம்புள்ள சாமி" என்றார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல். மலையை விட்டு இறக்குவதற்குள் போய்விட்டதாம். "இவள மட்டும் வெட்டிக் குடுப்பீங்களா? எங்ககிட்ட வேற படமே இல்லீங்க."

வெட்ட மனசு வரவில்லை. போனில் எடுத்து, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் அந்தக் குழந்தையை மட்டும் பெரிதாக்கி, லேமினேஷன் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "காலு வரலீங்களா?" என்றார்.

கால் நாற்காலிக்குப் பின்னால். எப்படி வரும்? கொலுசு போட்டிருந்தாளாம். செவ்வாய்ப்பேட்டையில் கடன் சொல்லி வாங்கி, அந்த வருஷம் காப்பிப் பழம் எடுத்த கூலியில் அடைத்த கொலுசு. "அவ்வளவுதாங்க பாட்டி இருக்குது" என்றேன். "சரிங்க சாமி, மொகம் இருக்குதில்ல" என்று சொல்லி, படத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டு போனார்.

அப்பா போனதிலிருந்து 'என்னை எதற்கு வைத்திருக்கிறீர் ஆண்டவரே' என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இதுதான் பதில் என்று நம்புகிறேன். இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லைன் வீடுகளுக்குப் போய், யாரிடம் என்ன படம் இருந்தாலும் எடுத்துப் பிரதி போட்டுக் கொடுக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தக் கொலுசு மட்டும் உறுத்துகிறது.

அஸ்தம்பட்டி அக்கா

தம்பி, நீங்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் 'பதில்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். என் வீட்டுக்காரர் இறந்தபோது பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் "தேவன் இதிலே ஒரு நோக்கம் வைத்திருப்பார்" என்றார்கள். காப்பி ஆறுவதற்குள் நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் ஐயரம்மா, சபைப் போதகரின் மனைவி, மட்டும் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்.

என்னுடையது கேசட். அவர் சபைப் பாடகர் குழுவில் இருந்தார். ஒத்திகையைப் பதிந்து வைத்திருந்தது பீரோவில் கிடைத்தது. கீர்த்தனை ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமிவிட்டு, "ஏய், சுருதி தப்பினா எனக்குச் சொல்லாதீங்கடா" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். பாட்டு வருவதற்கு முன்பே என் மகன் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்தச் செருமலையே திரும்பத் திரும்பப் போட்டான். அந்தப் பாட்டை இன்னும் நாங்கள் முழுசாகக் கேட்டதில்லை.

பண்ணவாடி பேத்தி

அக்கா சொல்வதே என் பக்கமும். எங்கள் அம்மாயி ஊர் மேட்டூர் அணைக்குள் போன ஊர். அணை 1934ல் முடிந்தபோது அம்மாயி சின்னப் பிள்ளை. தண்ணீர் இறங்கினால் பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம் வெளியே தெரியும், நியூஸ் சேனல்காரர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், உங்களுக்கே தெரியும்.

ஒரு வறட்சியில் அம்மாயியைக் கூட்டிப்போனோம். கோபுரத்தைப் பார்த்து அழுவார், ஜெபம் செய்வார் என்று போனைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வெடித்த சேற்றில் நடந்து, "இங்கதான் கெணறு. எழுதிக்கோ" என்றார். அங்கிருந்து வீடு வீடாகப் பேர். யார் வீட்டில் எத்தனை பிள்ளை, யார் வீட்டில் எருமை. பஸ் டிக்கெட் பின்னால், மருந்துச் சீட்டின் பின்னால், கிடைத்ததிலெல்லாம் எழுதினேன். நடுவில் ஒரு வீடு வந்தது. "இத தாண்டிப் போ" என்றார். யார் வீடு அம்மாயி என்றால், "தாண்டிப் போங்கறேன்ல." அவ்வளவுதான். கடைசிவரை சொல்லவில்லை.

ஊரையே தண்ணீருக்குக் கொடுத்தவர்களுக்கு என்ன நோக்கம் சொல்வீர்கள்? டெல்டாவில் நெல் விளைந்தது, சரி. அதை அம்மாயியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது மனசு நிறைந்திருந்தது என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஸ்கேனர் மாமா, சூரமங்கலம்

எங்கள் அப்பா படம் கரையான் அரித்துப் போனது. கதை அவ்வளவுதான். இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

நாகலூர் தம்பி, லேமினேஷன் போட்டது பிரதி என்பதால் தப்பித்தீர்கள். அசலுக்கு ஒருபோதும் போடாதீர்கள். சூட்டில் ஒட்டினால் பிரிக்கவே முடியாது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கத்தி வைத்து நெம்பாதீர்கள். முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். கண்ணாடிக்கு மேலேயே படம் எடுங்கள், விளக்கு இரண்டு பக்கமும் சாய்வாக இருக்கட்டும், நேரே வைத்தால் பளிச்சென்று அடிக்கும். சின்னப் படமாக இருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ வையுங்கள். பின்பக்கம் பேர் எழுத பால்பாயிண்ட் பேனா வேண்டாம், மெத்தென்ற பென்சில் போதும். 80களில் வந்த பசைத்தாள் ஆல்பம் யாரிடமாவது இருந்தால் படத்தை மெல்ல வெளியே எடுத்துவிடுங்கள், பசை மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும். ஏற்காட்டு ஈரத்துக்குப் பாலிதீன் கவர் ஆகாது, உள்ளேயே வேர்க்கும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

அஸ்தம்பட்டி அக்கா, கேசட்டின் மேல் ஓரத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். முதல் வேலையாக அதை உடைத்துவிடுங்கள், தவறிக்கூட மேலே வேறு எதுவும் பதியாது. பையனை நிறுத்தி நிறுத்தி ஓட்டவும் விடாதீர்கள், நாடா தேயும். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும். எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில்.

சேர்வராயன் நிழல்

டிபிஐ இருக்கட்டும் மாமா. யாருடைய ஞாபகம் கல்லில் நிற்கிறது என்று பாருங்கள். ஏற்காடு ஹோலி டிரினிட்டி கோயிலில் ராபர்ட் புரூஸ் ஃபுட்டுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1863ல் பல்லாவரத்தில் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தவர், பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், அவரும் ஏற்காட்டில்தான் இறந்தார். காப்பியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் பேரும் நிற்கிறது. அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் பேர் எந்தக் கல்லில்? என் ஆயா பறித்தவர். அவர் குழி எங்கே என்று எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு இடத்திலும் மெழுகுவர்த்தி வைக்கிறோம்.

தம்பி, அந்தக் குழந்தையின் பேரைக் கேட்டீர்களா? பதிவில் பேரே இல்லையே.

அரிசிபாளையம் அன்னம்

எல்லாரும் அழ வைக்கிறீர்கள். ஒரு சிரிப்புக் கதை.

சேலம் மறைமாவட்டமே 1930ல்தான் வந்தது, எங்கள் ஆயாவின் திருமுழுக்கு அதற்கும் முந்தியது. பங்குச் சாமியாரிடம் சொல்லி, பழைய பதிவேட்டில் தேடினோம். எலி கடித்த ஓரத்தோடு ஆயா பேர் இருந்தது. பக்கத்து ஓரத்திலேயே பின்னால் நடந்த கல்யாணத்தையும் குறித்திருக்கிறார்கள், அந்த வழக்கம் தெரியாதவர்கள் ஓரத்தையும் பாருங்கள். தாத்தா பதிவும் அதே கோயில். இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஆயா தாத்தாவைவிடப் பெரியவர்! ஆயுசு முழுக்க "உங்க தாத்தாவுக்கு நான் ரொம்பச் சின்னவ" என்று சொல்லிக்கொண்டு, வயதைக் காட்டி அவரை வேலை வாங்கியவர். சாமியாரே சிரித்துவிட்டார். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, "எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்" என்று இன்றுவரை சாதிக்கிறார்.

சேர்வராயன் அண்ணா, கத்தோலிக்கர் என்றால் அடக்கப் பதிவேடும் இருக்கும். இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு தடவை போய்ப் பாருங்களேன்.

நாகலூர்க்காரன்

பேர் கேட்டேன் அண்ணா. பாட்டி சொன்னார். வெளியே எழுதவேண்டாம் என்றும் சொன்னார், அதனால்தான் போடவில்லை. பிரதியின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி அக்கா, பந்தலில் பேசியவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். அப்பா சாவுக்கு இது பதில் என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. காலையில் எழுந்து எங்கே போவது என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. வீட்டையும் இன்னும் விற்கவில்லை, என் அக்கா முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

வருகிற ஞாயிறு மஞ்சக்குட்டைப் பக்கம் போகிறேன். அங்கே யாருக்காவது சொந்தபந்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், புது ஆள் வந்து படம் கேட்டால் பயப்படுகிறார்கள்.

ஸ்கேனர் மாமா, சூரமங்கலம்

பின்னால் எழுதியது பேனாவா பென்சிலா?