காமராஜர் ராஜாஜியை ஜெயிச்சாரா?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

பாப்பு: அத்தை, ஒரு டவுட்டு. இங்கிலீஷ் டெஸ்ட்ல ‘காமராஜ் சக்சீடட் ராஜாஜி இன் 1954’ங்கிறதைத் தமிழ்ல எழுதச் சொன்னாங்க. ‘1954ல் காமராஜர் ராஜாஜியை வென்றார்’னு எழுதினேன். மிஸ் அதைத் தப்புன்னு அடிச்சுட்டாங்க. சக்சஸ்னா வெற்றிதானே?

பெரியப்பா: மிஸ் அடிச்சது சரிதான் பாப்பு. ராஜாஜி எதிர்த்து நிக்கவே இல்லை. கல்வித் திட்டத்துக்குக் கிளம்பின எதிர்ப்புல பதவியை விட்டார். அப்புறம் கட்சிக்குள்ள ஓட்டு. அதுல காமராஜர் ஜெயிச்சது சி. சுப்பிரமணியத்தை. தோத்தவரைத் தன் மந்திரிசபையிலயே சேர்த்துக்கிட்டார், அதான் காமராஜர்!

பாப்பு அம்மா: அப்போ சக்சீடட் சி. சுப்பிரமணியம்னு போட்டா வென்றார்னு ஆகுமா அண்ணி?

திருச்சி அத்தை: ஆகாதும்மா. இங்கிலீஷ்ல ஒருத்தரை ஜெயிச்சதைச் சொல்ல இந்தச் சொல் வராது. அதுக்கு டிஃபீட், பீட் இருக்கு. சக்சீடுக்குப் பின்னாடி நேரா ஆள் பேர் வந்தா, ‘அவருக்கு அடுத்து அந்த இடத்துக்கு வந்தார்’னு அர்த்தம். பாப்பு, ‘ராஜாஜிக்குப் பின் காமராஜர் முதல்வரானார்’னு எழுதணும்டா.

பாப்பு: ஒரே சொல்லுக்கு எப்படி அத்தை ரெண்டு அர்த்தம்?

திருச்சி அத்தை: லத்தீன்ல அதோட வேர் ‘பின்னாடியே போறது’. ஒரு காரியம் செஞ்சா அதுக்குப் பின்னாடி என்ன வருதோ அதுதான் சக்சஸ். ஆரம்பத்துல நல்ல சக்சஸ், கெட்ட சக்சஸ்னு ரெண்டும் சொல்லியிருக்காங்க, வெறும் விளைவுங்கிற பொருள்ல. போகப் போக நல்லது மட்டும் நின்னுடுச்சு. பழைய பொருளும் போகலை. சக்சஸர் அடுத்து வர்றவர், சக்சஸிவ் அடுத்தடுத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இது.

பாப்பு: அப்போ வெற்றின்னு எப்போ எடுத்துக்கணும்?

திருச்சி அத்தை: பின்னாடி ‘இன்’ வந்தா. ‘ஷி சக்சீடட் இன் பாஸிங் த எக்ஸாம்’. இதை ‘சக்சீடட் டு பாஸ்’னு நம்ம பிள்ளைங்க நிறைய பேர் எழுதறாங்க, அது தப்பு. முப்பது வருஷமா திருத்தியிருக்கேன்.

பாப்பு: என் வாக்கியத்துலயும் இன் இருந்துச்சே அத்தை? இன் 1954.

திருச்சி அத்தை: சபாஷ்! அது வருஷத்தோட இன். சக்சீடை ஒட்டி அடுத்து என்ன உக்காந்திருக்குன்னு மட்டும் பாரு. உன் வாக்கியத்துல ராஜாஜி உக்காந்திருக்கார்.

பெரியப்பா: டுவும் வரும் இல்லையா? ராணி எலிசபெத் 2022ல போனப்ப பேப்பர்ல ‘சார்லஸ் சக்சீடட் டு த த்ரோன்’னு படிச்சேன்.

திருச்சி அத்தை: வரும் அண்ணா, பட்டம், சொத்து மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி. வினைச்சொல்லுக்கு முன்னாடிதான் வராது.

சித்தப்பா: அக்கா, இப்பதான் புரியுது. மாமனார் பேர்ல இருக்கற ஷேரை மாத்த சக்சஷன் சர்டிபிகேட் கேக்கறாங்க. நான் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் கொடுத்தேன், திருப்பி அனுப்பிட்டாங்க.

திருச்சி அத்தை: அதுவும் இதே சொல்தான்டா தம்பி. ஆனா ரெண்டும் வேற வேற சான்று. தாசில்தார் கொடுக்கறது வாரிசுங்க யார் யார்னு சொல்லும். சக்சஷன் சர்டிபிகேட் கோர்ட் கொடுக்கறது, 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி. போனவருக்கு வரவேண்டிய கடன், ஷேர், பத்திரம் இதையெல்லாம் யார் வாங்கிக்கலாம்னு சொல்லும். வீடு, நிலத்துக்கு அது கிடையாது. தொகை சின்னதுன்னா கோர்ட் வரைக்கும் போகவேண்டியதில்லை, அதையும் கேட்டுக்கோ.

சித்தப்பா: சரிக்கா. எவ்வளவு தேறும்னு பாத்துட்டு திங்கக்கிழமை வக்கீலைப் பாக்கறேன்.

பாப்பு: அத்தை, இது சரியா பாருங்க. ‘பக்தவத்சலம் சக்சீடட் காமராஜ் இன் 1963.’ காமராஜருக்குப் பின் பக்தவத்சலம் முதல்வரானார்.

பெரியப்பா: ரொம்பச் சரி பாப்பு. காமராஜர் கட்சி வேலைக்காகத் தானே நாற்காலியை விட்டு எழுந்த வருஷம் அது.