பல வருடம் கழித்துப் போர்ட்ஃபோலியோ காட்டியவர்கள் இங்கே வாருங்கள்

பழைய லென்ஸ்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடம் கேமராவைத் தொடவில்லை. காரணமெல்லாம் வேண்டாம், எல்லோருக்கும் இருக்கிற காரணம்தான். போன மாதம் ஒரு போர்ட்ஃபோலியோ ரிவ்யூவில், அதாவது தேர்ந்தெடுத்த படங்களை விஷயம் தெரிந்தவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கிற இடத்தில், இடம் கிடைத்தது. ஆளுக்கு இருபது நிமிடம், மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும், போனவர்களுக்குத் தெரியும். 24 பிரிண்ட் கொண்டுபோனேன். 18 பழையவை, 6 இந்த வருடம் எடுத்தவை. எல்லாம் ஒரே தாள், ஒரே அளவு, ஒரே கருப்பு வெள்ளை டோன். தையல் தெரியக்கூடாது என்று கலந்து அடுக்கி, அந்த வரிசைக்கே இரண்டு வாரம் மெனக்கெட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா 24ஐயும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். அப்புறம் மறுபடி முதலிலிருந்து எடுத்து மேசையில் இரண்டு அடுக்காகப் போட ஆரம்பித்தார். சீட்டுப் போடுகிற வேகம். இடது, இடது, வலது, இடது. எது எப்போது எடுத்தது என்று நான் மூச்சு விடவில்லை. முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். இடதில் 18, வலதில் 6. ஒன்றுகூட மாறவில்லை.

"இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டதே இல்லையா?" என்று கேட்டார்.

நான் விழித்தேன். இடது அடுக்கைத் தொட்டு, "இவர் உள்ள போய் உட்கார்றார்." வலதைத் தொட்டு, "இவர் வாசலோட நின்னுடறார்." மணி அடித்துவிட்டது.

எந்த அடுக்கு நல்லது என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் அரிக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஆறையும் மேலே வைத்துக் கொடுத்தார். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை கைக்கு எது முதலில் வந்ததோ அதுவா?

எஃப் எட்டு:

உங்களிடம் ஆறு புதுப் படமாவது இருந்தது. நான் பதினோரு வருடம் கழித்து முழுக்கப் பழசையே தூக்கிக்கொண்டு போனேன். ஹார்ட் டிஸ்கில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜ ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர். அதில் நிஜ ஃபைனல்.

முதல் படம் கலங்கரை விளக்கம், மேலே மேகம். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எடுத்த வருஷத்தை நான் சொல்லட்டுமா?" என்றார். "2010. தப்பினா 2011." 2010தான். விளக்கின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும் பாருங்கள், அதை விரலால் தடவிக் காட்டினார். எச்டிஆர் காலம் ஞாபகம் இருக்கும். ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில், மூன்று எக்ஸ்போஷராக எடுத்து ஒன்றாக்கு, எல்லா நிழலையும் தூக்கிவிடு, மேகத்துக்குக் கரி பூசு. அந்தப் படத்துக்கு அப்போது எனக்கு வந்த பாராட்டு கொஞ்சநஞ்சமில்லை. அடுத்த படம் கருப்பு வெள்ளை, நடுவில் ஒரு குடை மட்டும் சிவப்பு. குடையைப் பார்த்ததும் மனிதர் லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்தக் கலங்கரை விளக்கத்தின் ரா ஃபைல்களை, கேமரா பதிந்த மூலப் பதிவுகளைத் தேடினேன். மூன்றில் நடு எக்ஸ்போஷரை மட்டும் எடுத்து, பழைய எடிட்டை மொத்தமாகக் கழித்துப் பார்த்தால், கீழே சுவர் ஓரமாக ஒரு ஆள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதினோரு வருடமாக அங்கேதான் நின்றிருக்கிறார். மேகத்தைப் பிசைந்துகொண்டிருந்ததில் நான் கவனிக்கவே இல்லை.

அரை நிழல்:

பழைய லென்ஸ், நீங்கள் செய்தது அடிப்படையிலேயே தவறு. பழசையும் புதுசையும் கலக்கலாமா? யாருக்காக மறைக்கிறீர்கள்? நானும் ஐந்து வருடம் விட்டுவிட்டு வந்தவன்தான். புதுசு பன்னிரண்டு மட்டும் காட்டினேன், "பரவாயில்லை, இன்னும் எடுங்கள்" என்றார்கள், முடிந்தது.

மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். முதலில் எண்ணிக்கை. இருபது நிமிடத்தில் 24 படம் என்றால் ஒரு படத்துக்கு 50 நொடி, அதில் பேச்சு எங்கே? 15 போதும், நல்ல கை என்றால் 20. இரண்டாவது, பழைய ஏற்றுமதி ஃபைல்களைத் தயவுசெய்து அப்படியே காட்டாதீர்கள். அந்தக் காலத்தில் வலைக்கு என்று 800 பிக்சலில் போட்டு வைத்திருப்போம். இன்றைய 4கே திரை 3840 பிக்சல் அகலம், அதில் அது தபால்தலை. ராவிலிருந்து புதிதாக எடுங்கள். லைட்ரூம் மென்பொருளில் எடிட் செய்திருந்தால் இன்னொன்று. 2012இல் நான்காம் பதிப்போடு ப்ராசஸ் வெர்ஷன், அதாவது அது படத்தைக் கணக்கிடுகிற முறை, மாறியது. அதற்கு முந்தைய எடிட் பழைய கணக்கிலேயே உட்கார்ந்திருக்கும், தானாக மாறாது. மாற்றினால் ஹைலைட்டும் நிழலும் வேறு மாதிரி வரும், பெரும்பாலும் நல்லபடியாகவே வரும். மூன்றாவது, கலர் புரொஃபைல், அதாவது ஃபைலின் நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் குறிப்பு. அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிற வரம்பில் வேலை செய்து, புரொஃபைலைச் சேர்க்காமல் அனுப்பினால் அடுத்தவர் திரையில் ஆட்களின் முகமெல்லாம் சோகை பிடித்த மாதிரி தெரியும். சாதாரணத் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலோடு அனுப்புங்கள். நான்காவது, "நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டேன்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். அதைச் சொன்ன நொடியில் எதிரில் இருப்பவர் படத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கடைசி ஃப்ரேம்:

அரை நிழல் சார், இங்கே கூப்பிட்டது அனுபவம் சொல்ல. உங்கள் அனுபவம் இரண்டு வரி, பாடம் ஒரு பக்கம்.

கலப்பது தவறு என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இடைவெளி விட்டுப் பார்ப்பது லேசான விஷயமா? அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிம் ரோலை ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல் கழுவாமலே வைத்திருப்பார். எடுத்த அன்றைய மனநிலை, படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது குறுக்கே வரக்கூடாதாம். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல் மட்டும் சுமார் 2,500 கிடந்தது. பழசை ஒதுக்கு என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி?

சரி, என் கதை. ஏழு வருட இடைவெளி. ஒரு காலத்தில் என்னிடம் ஷட்டர் ஸ்பீடு என்றால் என்ன என்று கேட்ட பையன், இப்போது ஒரு பத்திரிகையில் படங்களைத் தேர்வு செய்கிற இடத்தில் இருக்கிறான். அவனிடமே காட்டினேன். இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறான். இருபத்தொரு படத்தையும் திரையில் ஓட்டினான். "நல்லா இருக்கு சார். லைட் உங்க லைட்தான் சார்" என்று ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒன்று. கடைசியில் எல்லாவற்றையும் சின்னதாக்கி ஒரே திரையில் பரப்பினான், காண்டாக்ட் ஷீட் மாதிரி. சும்மா அப்படியே விட்டுவிட்டு, "காபி கொண்டு வரேன் சார்" என்று எழுந்து போனான்.

தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தொன்றில் பதினேழு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

திரும்பி வந்தவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. "முதுகாவே எடுத்து வெச்சிருக்கீங்களே, என்ன சார் ஆச்சு" என்று முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் இவ்வளவு தூக்கம் போயிருக்காது.

சாம்பல் அட்டை:

படிக்கத்தான் வந்தேன், கடைசி ஃப்ரேம் சொன்னதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் இடைவெளி கண்ணால் வந்தது. நாலைந்து வருடம் வெளிச்சம் கூசுகிறது, ஃபோகஸ் தவறுகிறது என்று கேமராவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் எடுப்பதையே விட்டுவிட்டு, இருப்பதை எடிட் செய்து தொகுக்கலாம் என்று உட்கார்ந்தேன். தொகுத்ததை ஒருவருக்கு அனுப்பினேன். பதிலில் ஒரே ஒரு கேள்வி: "எல்லாப் படமும் குளிர்காலத்தில் எடுத்ததா?" எனக்கு எரிச்சல். பாதிப் படம் உச்சி வெயிலில் எடுத்தது. படம் பார்க்கத் தெரியாத ஆள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அடுத்த வருடம் கண்புரை அறுவை, முதலில் இடது கண்ணில் மட்டும். கட்டுப் பிரித்த மறுநாள் காலை எதிரே இருந்த சுவரைப் பார்க்கிறேன். இடது கண்ணால் பார்த்தால் வெள்ளை. அதை மூடி வலது கண்ணால் பார்த்தால் பழைய நோட்டுப் புத்தகத் தாள். மாற்றி மாற்றி மூடித் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அரை மணி நேரம் விளையாடினேன். அப்புறம்தான் சட்டென்று அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. போர்ட்ஃபோலியோவைத் திறந்தேன். நீலம். அத்தனையும் நீலம். எனக்கு மஞ்சளாகத் தெரிந்ததை எல்லாம் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் 'திருத்தி' இருக்கிறேன்.

ஓவியர் மோனேவுக்கும் 1923இல் இதே அறுவைதான். அதற்காக நான் மோனே இல்லை. அந்த ஆளுக்கு அன்று ஒரு கோபமான பதில் அனுப்பியிருந்தேன், அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

அரை நிழல்:

கடைசி ஃப்ரேம், வினோகிராண்ட் எடுப்பதை நிறுத்தவே இல்லை. கழுவாமல் வைப்பதும் எடுக்காமல் இருப்பதும் ஒன்றா? உதாரணம் தப்பு.

சாம்பல் அட்டை அம்மா, கண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மானிட்டரை அளவு பார்த்தீர்களா? வெள்ளைப் புள்ளி 6500 கெல்வின், வெளிச்சம் 120 நிட்ஸ் பக்கம் இருக்க வேண்டும். பலர் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்துவிட்டு, பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று லேபில் சண்டை போடுகிறார்கள். அளவிடும் கருவி ஒன்றை மாதம் ஒரு தடவை திரையில் வைத்தால் போதும். அறையில் மஞ்சள் விளக்கு எரிந்தாலும் கணக்கு மாறும். சுவருக்கு வெளிர் சாம்பல் நிறம் அடிப்பது உத்தமம்.

சாம்பல் அட்டை:

மானிட்டர் அளவு பார்த்ததுதான் தம்பி. அது சரியாகவே இருந்தது. அளக்காமல் விட்டது கண்ணை.

ஒற்றை ரோல்:

பழைய லென்ஸ் அண்ணா, அந்த ஆறு படத்தையும் இங்கே போடுங்களேன். லென்ஸ் மாற்றினீர்களா? வாசலோடு நிற்கிறார் என்றால் முன்பு கிட்டே போய் எடுக்கவேண்டிய 35, இப்போது தூரத்திலிருந்தே இழுக்கிற 85 என்று ஏதாவது?

பழைய லென்ஸ்:

இல்லை தம்பி. அப்போதும் 35 எம்எம், இப்போதும் அதே 35 எம்எம். அதே லென்ஸ்கூட. அதுதான் கொடுமை. நடந்து போகவேண்டிய தூரம் அப்படியே இருக்கிறது, நான்தான் போகவில்லை.

ஒற்றை ரோல்:

அப்படியானால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் அடுத்தவர் படங்களை அப்படித்தான் பார்ப்பாராம். முகம், ஊர், கதை எதுவும் கண்ணில் படாது, வடிவம் மட்டும் நிற்கும். எந்த அடுக்கு தேறுகிறது என்று தெரிந்துவிடும். படத்தை இங்கே போடவும் மறக்காதீர்கள்.

எஃப் எட்டு:

என் சிவப்புக் குடையைத் தலைகீழாக வைத்தால் கிண்ணம். சிவப்புக் கிண்ணம். இன்னும் மோசம்.

பழைய லென்ஸ்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். ஒற்றை ரோல் சொன்னபடி 24ஐயும் தரையில் தலைகீழாகப் பரப்பினேன். அரை நிழல், உங்களுக்காக எண்ணிக்கையைக் குறைக்கவும் பார்த்தேன், 19க்குக் கீழே போக மனசு வரவில்லை.

முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் நாள் இரவு, விளக்கை அணைக்கப் போகும்போது ஒரு பிரிண்ட் கண்ணில் உறுத்தியது. பழைய 18இல் ஒன்று. முடிதிருத்துகிற கடை, கண்ணாடி, உள்ளே இருவர். கண்ணாடி பளபளவென்று இருப்பதால் கடைக்குள்ளே நின்று எடுத்ததாகவே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பார்த்தபோதுதான், இப்போது மேலே வந்துவிட்ட விளிம்பில் ஒரு கருப்புப் பட்டை தெரிந்தது. கதவு நிலை. அரை விரல் அகலம்கூட இருக்காது. வெளியே நின்றுதான் எடுத்திருக்கிறேன்.

ஃபைலைத் தேடித் தேதியைப் பார்த்தேன். கேமராவை மூடி வைப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் எடுத்தது. அதற்கு அப்புறம் எடுத்தது எதுவும் அந்த 18இல் இல்லை.

அப்படியானால் அந்த அம்மா ஒன்றே ஒன்றைத் தப்பாகப் போட்டிருக்கிறார். இடதில் 17, வலதில் 7 என்று இருக்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் முகவரி அட்டையில் இருக்கிறது. இதை எழுதினால் பைத்தியம் என்று நினைப்பாரா?

அரை நிழல்:

எழுதாதீர்கள். ரிவ்யூ முடிந்த பிறகு விளக்கம் கொடுப்பது தொழில்முறை இல்லை. நன்றி மட்டும் இரண்டு வரியில் சொல்லலாம், அதையும் ஒரு வாரத்துக்குள்

கடைசி ஃப்ரேம்:

எழுதுங்கள். பாதி வாக்கியத்தில் அனுப்பிவிட்டாரே, அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

ஒற்றை ரோல்:

எழுதுங்கள் அண்ணா. அந்த ஏழு படத்தையும் இங்கே போடுங்கள், மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.