ஹிப்ஹாப் ஆதி: நேரில் பார்க்காத ஒருவனின் அனுபவம்

தமிழ் ராப் பாடகரும் இசையமைப்பாளரும் நடிகருமான ஹிப்ஹாப் ஆதியை நேரில் பார்த்த கதையைப் பலர் எழுதுகிறார்கள். நான் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் 2011-இலிருந்து எங்கள் வீட்டில் அவர் பேச்சு வருவதும் போவதுமாகத்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த அனுபவம்தான்.

அப்போது நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. வீடு அயனாவரம், அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். காலேஜ் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒருவன் போனில், ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் வந்த ‘கிளப்புல மப்புல’ பாட்டை ஓடவிட்டான். பஸ் காலேஜ் வாசலைத் தொடுவதற்குள் ப்ளூடூத்தில் எல்லோர் போனுக்கும் போய்விட்டது. அதுவரை தமிழ் ராப் என்றால் எங்களுக்கு மலேசியாதான். 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடமாகப் பாடித் திரிந்தோம். இது வேறு மாதிரி. கோயம்புத்தூர்ப் பையன், அவனும் நம்மை மாதிரி இன்ஜினியரிங் என்று யாரோ சொன்னார்கள். ஹிப்ஹாப் தமிழா என்பது ஒரு ஆள் இல்லை, ஆதியும் ஜீவாவும் சேர்ந்த இரட்டையர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. (ஜீவாவைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு.)

எங்கள் தெருவில் சாவு வீடு என்றால் ராத்திரி முழுக்கக் கானா ஓடும். இறந்தவர் பெயரை வைத்தே அந்த இடத்திலேயே எதுகை கட்டிப் பாடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ராப் அந்நியமாகப் படவே இல்லை. தாளத்தில் சொல்லை அடுக்குவதுதானே இரண்டும். நானும் எழுத ஆரம்பித்தேன். லேப் அப்சர்வேஷன் நோட்டின் பின்பக்கங்கள் முழுக்க என் வரிகள்தான். முன்பக்கங்கள் காலியாக இருந்ததன் பலன், நாலாவது செமஸ்டரில் மூன்று அரியர்.

அக்காவுக்கு ‘கிளப்புல மப்புல’ அறவே பிடிக்கவில்லை. கிளப்பில் குடிக்கும் பெண்களைச் சாடும் பாட்டு அது. அவள் அப்போது கால் சென்டரில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். “குடிக்கிற ஆம்பளைய விட்டுட்டு பொண்ணுங்கள ஏன்டா திட்டுறான்? காலைல நான் கேப்ல வந்து இறங்கறப்போ தெருவுல ஒரு பார்வை பாக்கறானுங்க இல்ல, அதேதான் இந்தப் பாட்டு” என்றாள். நான் அவளோடு சண்டை போட்டேன். அவள் சொன்னது சரி என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. அந்தப் பாட்டை இப்போது முழுதாகக் கேட்க முடியவில்லை.

2012-இல் ‘ஹிப்ஹாப் தமிழன்’ ஆல்பம். அடுத்த வருஷம் அனிருத் இசையில் ‘எதிர்நீச்சல்’ தலைப்புப் பாட்டில் ஆதியின் குரல். 2015 பொங்கலுக்கு ‘ஆம்பள’ படத்தில் இசையமைப்பாளர், அதே வருஷம் ஆகஸ்டில் ‘தனி ஒருவன்’. நாலே வருஷத்தில் இவ்வளவு தூரம். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் சேர்ந்திருந்தேன். எழுதுவது நின்றுபோயிருந்தது.

பிறகு 2017 ஜனவரி, ஜல்லிக்கட்டுப் போராட்டம். மெரினாவுக்கு மூன்று நாள் வேலை முடித்துப் போனேன். திருவல்லிக்கேணியில் இறங்கி நடந்தால், கடற்கரைக்கு முன்பே ஆதியின் ‘டக்கரு டக்கரு’ பாட்டுச் சத்தம் கேட்கும். யார் யாரோ கொடுத்த தண்ணீர் பாக்கெட், சாம்பார் சாதம், இருட்டியதும் ஆயிரக்கணக்கில் போன் டார்ச். நானும் தொண்டை கட்டக் கத்தினேன். கடைசிக் கட்டத்தில் ஆதி ஒரு வீடியோ வெளியிட்டார். போராட்டத்தில் வேறு முழக்கங்கள் கலந்துவிட்டன, தான் விலகுகிறேன் என்றார். 23-ஆம் தேதி போலீஸ் எல்லோரையும் அப்புறப்படுத்தியது. கோபத்தை விட எனக்கு வலிதான் அதிகம். அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். ஆனால் மணலில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது கைவிட்ட மாதிரிதான் இருந்தது. போனில் இருந்த அவர் பாட்டை எல்லாம் அழித்துவிட்டேன்.

அதனால் ஜூலையில் ‘மீசைய முறுக்கு’ வந்தபோது போவதாகவே இல்லை. எழுத்து, இயக்கம், இசை, கதாநாயகன் எல்லாம் அவரே. தயாரிப்பு சுந்தர் சி. அந்த மாதம்தான் ஜிஎஸ்டி வந்திருந்தது. அதன் மேல் மாநில வரியும் வேண்டாம் என்று தியேட்டர்களை நாலு நாள் மூடித் திறந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாதான், “விவேக் நடிச்சிருக்காராமே, வா போலாம்” என்றார். அவர் விவேக்கின் பரம ரசிகர். தியேட்டருக்கே வராத மனுஷன் கூப்பிடும்போது எப்படி மாட்டேன் என்பது?

புரசைவாக்கம் பக்கம் ஒரு தியேட்டர். ஆதியின் சொந்த வாழ்க்கையை ஒட்டிய கதை. விவேக் அதில் அப்பா. சிரிக்க வைக்கத்தான் வருவார் என்று எங்கள் அப்பா நினைத்திருந்தார். பையனைச் சென்னைக்கு அனுப்பி முயன்று பார்க்கச் சொல்லும் அப்பாவாக அவர் வந்ததும் எங்கள் வரிசையில் சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். அப்பா பாதி டீ குடித்த பிறகு சொன்னார்: “நீ கேட்டிருந்தா நான் அனுப்பியிருப்பேனா தெரியல. ஆனா நீ என்கிட்ட கேக்கவே இல்லடா.”

உண்மை. நான் கேட்கவே இல்லை. அவர் மறுப்பார் என்று நானே முடிவு செய்துவிட்டு, அதற்காக அத்தனை வருஷம் அவர் மேல் மனத்தாங்கலோடு இருந்திருக்கிறேன். அன்று ராத்திரி பரணிலிருந்து அந்த அப்சர்வேஷன் நோட்டை எடுத்தேன். இப்போதும் எழுதுகிறேன். துணி பீரோவைத் திறந்துவைத்து, எதிரொலிக்காமல் இருக்க அதற்குள் மைக்கை வைத்துப் பதிவு செய்வேன். பத்துப் பதினைந்து பேர் கேட்பார்கள்.

நடிகராக ஆதியைப் பற்றிக் கேட்டால், தன்னைப் போன்ற ஒரு பையனாக வரும்போதுதான் அவர் சரியாகப் பொருந்துகிறார் என்பேன். ‘நட்பே துணை’ ஹாக்கிக் காட்சிகளுக்காகப் பார்க்கலாம். இரட்டை வேடம் போட்ட ‘அன்பறிவு’ எனக்கு ஒட்டவில்லை. 2024 மே மாதம் வந்த ‘பி.டி. சார்’ படத்துக்கு அக்காவை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். பாலியல் தொல்லைக்கு ஆளான மாணவிக்காகப் பெரிய இடத்தை எதிர்த்து நிற்கும் விளையாட்டு ஆசிரியர் வேடம். பொண்ணு அப்படி உடுத்தினாள், அந்த நேரத்துக்கு ஏன் போனாள் என்று ஊர் பேசும் பேச்சையும் படம் எடுத்துக்கொள்கிறது. அக்கா வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “பதிமூணு வருஷம் ஆயிருக்கு இவனுக்கு. பரவால்ல, வந்துட்டான்” என்றாள்.

2021 ஏப்ரலில் விவேக் போன செய்தி வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. அப்போது கொரோனாக் காலம், ரிட்டையர் ஆகி வீட்டிலேயே இருந்தார். மனசு மாறட்டும் என்று ஆதி தயாரித்த ‘தமிழி’ ஆவணத் தொடரை யூடியூபில் போட்டுக் கொடுத்தேன். தமிழ் எழுத்து எங்கே பிறந்தது என்று தேடிப் போகும் தொடர், காசு கொடுக்காமல் யாரும் பார்க்கலாம். ஒரே வாரத்தில் முழுதும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வாரப் பத்திரிகையின் ஓரத்தில், தமிழி என்கிற அந்தப் பழந்தமிழ் எழுத்தில் பேரப்பிள்ளைகள் பெயரை எழுதிப் பழகுவார்.

2023-இல் மதுரை பக்கம் கீழடியில் அகழாய்வு அருங்காட்சியகம் திறந்ததும் போயே ஆக வேண்டும் என்றார். எழும்பூரில் மத்தியானம் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். பெட்டியில் கால் வைக்கும் முன் பக்கவாட்டுத் தகட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார், எப்போதும் செய்வதுதான். மறுநாள் காலை கீழடியில், பெயர் கீறிய பானை ஓடுகளின் முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, “ஷெட்ல டிபன் கேரியர் மாறிடக் கூடாதுன்னு நாங்க ஆணியால பேர் கீறி வெப்போமே, அதேதான்டா இது” என்றார்.