ஃபிரீஆர்டிஓஎஸ்: சில மணி நேரம் ஓடிவிட்டு போர்டு ஹேங் ஆகிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். எனக்கு பினாங்கில், பாயான் லெப்பாஸில் வேலை, ஆனால் இது நிபோங் திபாலில் மாமாவின் இறால் குளத்துக்காக நானே செய்வது. எஸ்டிஎம்32எஃப்4 போர்டு, அதில் ஃபிரீஆர்டிஓஎஸ் (சிறிய சிப்களில் பல டாஸ்க்குகளை மாறி மாறி ஓடவிடும் இயங்குதளம்). ஆக்சிஜன் சென்சார் 9600 பாடில் அனுப்புவதை யுஆர்ட் இன்டரப்ட் (சீரியல் போர்ட்டில் பைட் வந்ததும் நடப்பதை இடைமறித்து ஓடும் கோடு) ஒவ்வொரு பைட்டாக வாங்கி கியூவில் போடும், ஒரு டாஸ்க் அதைப் படித்து, ஆக்சிஜன் குறைந்தால் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் மெஷினை) ஓடவிடும். இரண்டு மணி நேரமோ ஐந்து மணி நேரமோ ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. டீபக்கரில் பார்த்தால் எப்போதும் லிஸ்ட்.சி கோப்பில், விலிஸ்ட்இன்சர்ட்டுக்குள் (பட்டியலில் ஒன்றைச் செருகும் ஃபங்ஷன்) இருக்கும் ஃபார் லூப்பிலேயே சுற்றுகிறது. டாஸ்க் ஸ்டாக்கை (டாஸ்க்குக்கு ஒதுக்கிய மெமரியை) 128-லிருந்து 512 ஆக்கியும் பயனில்லை. விடியற்காலையில்தான் குளத்தில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும், அப்போது போர்டு நின்றால் இறால் மிஞ்சாது.

பதில்:
தம்பி, அந்த லூப் இருக்கும் இடத்திலேயே ஒரு நீளமான கமெண்ட் இருக்கும், இங்கே மாட்டிக்கொண்டால் எதையெல்லாம் சந்தேகப்பட வேண்டும் என்று. முதலில் ஸ்டாக், அதைப் பார்த்துவிட்டீர்கள் (அந்த எண் பைட் இல்லை, வேர்டு, ஒன்றுக்கு 4 பைட், 128 என்றால் 512 பைட்). அடுத்தது இன்டரப்ட் பிரயாரிட்டி. யுஆர்ட்டுக்கு என்ன கொடுத்தீர்கள்?

கேட்டவர்:
எதுவும் கொடுக்கவில்லை அண்ணே, எனேபிள் மட்டும் செய்தேன். சிஸ்கால் எல்லை (எந்த பிரயாரிட்டி முதல் இன்டரப்ட் கெர்னலைக் கூப்பிடலாம் என்பது) கான்ஃபிக் கோப்பில் 5 என்று இருக்கிறது.

பதில்:
சரி, அங்கேதான் கோளாறு. கொடுக்காவிட்டால் அது 0. கார்டெக்ஸ்-எம்மில் (உங்கள் சிப்பின் பிராசஸர் வகை) எண் சிறியதாக இருந்தால் அவசரம் அதிகம், டாஸ்க் பிரயாரிட்டிக்கு நேர் எதிர். கெர்னல் (ஃபிரீஆர்டிஓஎஸின் மையப் பகுதி) தன் டாஸ்க் பட்டியலைத் திருத்தும்போது 5 முதல் 15 வரை உள்ள இன்டரப்டுகளைத்தான் நிறுத்திவைக்கும். 0 முதல் 4 வரை உள்ளவை எப்போது வேண்டுமானாலும் வரும், அதனால் அவை கெர்னலைக் கூப்பிடவே கூடாது. உங்கள் யுஆர்ட், பட்டியல் பாதி மாறியிருக்கும் நேரத்தில் நுழைந்து அதே பட்டியலைத் தொட்டுவிடுகிறது. கண்ணி தப்பாக இணைந்துவிட்டால் லூப்புக்கு முடிவே வராது. பைட் வருவது ஏறத்தாழ மில்லிசெகண்டுக்கு ஒன்று, பட்டியல் மாறுவதோ அதில் ஒரு துளி நேரம்தான், அதனால்தான் இரண்டும் மோத மணிக்கணக்காகிறது. 6 கொடுங்கள். அதற்கு முன்னால் கான்ஃபிக்அசர்ட்டை (தவறு கண்ட இடத்திலேயே நிறுத்திவிடும் சோதனையை) இயக்கிப் பாருங்கள்.

இன்னொருவர்:
வாட்ச்டாக்கையும் (குறித்த நேரத்துக்குள் ரீலோட் செய்யாவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர்) போடுங்கள், டைமர் இன்டரப்டிலிருந்து இல்லாமல் சென்சாரைப் படிக்கும் டாஸ்க்கிலிருந்தே ரீலோட் செய்யுங்கள். ஏரேட்டரை ஆன், ஆஃப் செய்யும் ரிலேயின் வயரையும் மாற்றுங்கள்: போர்டு செத்தாலும் ஏரேட்டர் ஓடவேண்டும்.

கேட்டவர்:
அசர்ட்டை இயக்கினேன், முதல் பைட்டிலேயே போர்ட்.சி கோப்பில் வந்து நின்றது! 6 கொடுத்து நான்கு இரவு தாண்டிவிட்டது. ரிலே வயரை நேற்று மாமாவோடு உட்கார்ந்து மாற்றினேன், போர்டின் பிளக்கைப் பிடுங்கியதும் ஏரேட்டர் ஓட ஆரம்பித்தது. வாட்ச்டாக் இந்த வாரக் கடைசியில். நன்றி அண்ணே, இருவருக்கும்.