எஸ் கார்ப்பரேஷனுக்கு மாறியதில் உங்களுக்கு உண்மையில் மிஞ்சியது எவ்வளவு? அனுபவங்களைப் பகிருங்கள்

மென்பொருள் ஆலோசகர், டெக்சஸ்:

அமெரிக்காவில் 1099 ஒப்பந்தத்தில் (ஊழியராக அல்லாமல், தனி ஒப்பந்தக்காரராக) வேலை செய்யும் நம்மவர்கள் பலர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எஸ் கார்ப்பரேஷனுக்கு, அதாவது நிறுவனத்தின் லாபத்துக்கு உரிமையாளரே தம் சொந்தக் கணக்கில் வருமான வரி கட்டும் வரித் தகுதிக்கு, மாறிவருவதால், என் எல்எல்சிக்கு (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள சிறு நிறுவனம்) நான் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். 2024ஆம் ஆண்டில் செலவுகள் போக எனக்கு நின்ற லாபம் 1,20,000 டாலர். அதைத் தனிநபர் தொழிலாகக் காட்டியிருந்தால், லாபத்தின் 92.35 சதவீதத்தின் மீது 15.3 சதவீதம் என்ற வகையில் சுமார் 16,955 டாலர் சுயதொழில் வரியாகப் போயிருக்கும். எஸ் கார்ப்பரேஷனிலோ, சுயதொழில் வரிக்கு ஈடான சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் நான் எனக்குக் கொடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் மீது மட்டுமே விழுகின்றன. மீதி லாபத்தை அவை தொடுவதில்லை. சம்பளத்தை 70,000 டாலராக வைத்தபோது, நிறுவனத்தின் பங்கும் என் பங்குமாக அந்த வரிகள் 10,710 டாலரில் நின்றன. வித்தியாசம் 6,245 டாலர். மாறச் சொல்லி ஆலோசனை கூறுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு பேனாவை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தந்து, 2025இல் நிரந்தரமாக்கப்பட்ட 20 சதவீதத் தொழில் வருமானக் கழிவு (தொழில் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை), சம்பளத்துக்குக் கிடையாது. தனிநபர் தொழிலில் எனக்குச் சுமார் 22,300 டாலர் கிடைத்திருக்கக்கூடிய அந்தக் கழிவு, சம்பளமும் நிறுவனம் கட்டிய வரியும் போக மிஞ்சிய 44,645 டாலருக்கு மட்டும் கணக்கிடப்பட்டு, 8,900 டாலராகச் சுருங்கியது. மனைவியும் சம்பளக்காரர் என்பதால், கூட்டாகத் தாக்கல் செய்யும் நாங்கள் 22 சதவீத வரிப் படியில் இருக்கிறோம். இந்த ஓர் இனத்திலேயே வருமான வரி ஏறத்தாழ 2,940 டாலர் கூடியது. சுயதொழில் வரியில் பாதியைக் கழித்துக்கொள்ளும் வசதி போனதில் மேலும் எழுநூறு டாலர் அளவுக்குக் குறைந்து, கடைசியில் நின்றது சுமார் 2,600 டாலர். பேரோல் (சம்பளப் பட்டுவாடா) சேவைக்கும், காலாண்டுதோறும் தரவேண்டிய 941 என்ற சம்பள வரிப் படிவத்துக்கும், தனியாகத் தாக்கல் செய்யும் 1120-எஸ் என்ற நிறுவன வரிக் கணக்குக்கும் கொடுத்தது போக மிஞ்சியதைச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சோலோ 401(கே) என்ற, சுயதொழில் செய்பவருக்கான ஓய்வுகாலச் சேமிப்பில் நிறுவனம் செலுத்தக்கூடிய தொகையும் சம்பளத்தில் 25 சதவீதம், அதாவது 17,500 டாலர் என்ற வரம்புக்குள் வந்துவிட்டது. லாபம் இன்னும் நன்றாக உயரும் ஆண்டுகளில் இந்த ஏற்பாடு பயன் தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு லட்சத்தை ஒட்டிய லாபத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இயன்முறை மருத்துவர், கலிபோர்னியா:

டெக்சஸ் நண்பருக்கு மாநில வருமான வரி இல்லை. இங்கே எஸ் கார்ப்பரேஷனின் நிகர வருமானத்தில் 1.5 சதவீதத்தை மாநிலம் தனியாக வாங்குகிறது. பொதுவாக அது 800 டாலருக்குக் குறையாது. என் சிக்கல் எனக்கு நானே வைத்துக்கொள்ளும் சம்பளத்தைப் பற்றியது; அது குறையக் குறைய அதன் மீதான வரியும் குறையும். ஆண்டுக்கு 30,000 டாலர் போட்டால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். அயோவாவில் வாட்சன் என்ற கணக்காளர் (கணக்காளரேதான்!) 2002, 2003ஆம் ஆண்டுகளில் தமக்கு 24,000 டாலர் மட்டும் சம்பளம் வைத்துக்கொண்டு, அதைப்போலப் பல மடங்கை லாபப் பகிர்வாக எடுத்த வழக்கில், நியாயமான சம்பளம் 91,044 டாலர் என்று நீதிமன்றம் முடிவு செய்ததையும், அதை 2012இல் எட்டாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்ததையும் படித்திருந்ததால், நான் அதற்கு இணங்கவில்லை. எங்கள் பகுதி மருத்துவமனைகள் இதே வேலைக்கு விளம்பரம் செய்யும் சம்பளங்களைத் திரட்டிக் கோப்பில் வைத்து, அதன் நடுவில் வரும் தொகையையே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று: நிறுவனம் கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையை டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவத்தில் வருமான வரிக்கான 1ஆம் எண் பெட்டியில் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளுக்கான 3, 5ஆம் எண் பெட்டிகளில் சேர்ப்பதில்லை. பேரோல் மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது என்பதால், டிசம்பர் கடைசிச் சம்பளத்துக்கு முன்பே நான் கையால் பதிந்துவிடுவது வழக்கம்.

மொழிபெயர்ப்பாளர், நியூஜெர்சி:

நியூயார்க் நகரத்துக்குள் தொழில் நடத்துபவர்கள், அந்த நகரம் எஸ் தகுதியை ஏற்பதில்லை என்பதையும், 8.85 சதவீத நகர வரி இருப்பதையும் முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள்.

எஸ் தகுதி கோரும் 2553 படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் தாமும் கொஞ்சம் பணம் போட்டுப் பங்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அமெரிக்க வரிச் சட்டப்படி இங்கே குடியிருப்பாளர் அல்லாத வெளிநாட்டவர் ஒரே ஒரு பங்கை வைத்திருந்தாலும் எஸ் தகுதி போய்விடும், அதன்பின் நிறுவனம் சி கார்ப்பரேஷனாக (தானே வருமான வரி கட்டும் சாதாரண நிறுவனமாக) 21 சதவீத வரி கட்ட நேரும் என்று வழக்கறிஞர் எழுத்திலேயே தெரிவித்துவிட்டார். எச்-1பி விசாவில் இருப்பவர் வரிச் சட்டப்படி குடியிருப்பாளராக இருந்தால் பங்குதாரராகலாம். அந்த நிறுவனத்தில் வேலை செய்ய அவருடைய விசா இடம் கொடுக்கிறதா என்பது குடியேற்றச் சட்டம் சார்ந்த வேறு கேள்வி. வழக்கறிஞரின் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகு அண்ணன் பங்கைப் பற்றிப் பேசவில்லை. ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் பதினைந்து நாளுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும் என்பதால், பங்குகள் முழுவதையும் என் பெயரிலேயே காட்டி அனுப்பிவைத்தேன்.